பினாங்கில் ஒரு பன்மை விகுதி

விமானம் பாயான் லெப்பாஸில் இறங்கியபோது என் கைக்கடிகாரத்தில் காலை ஐந்து நாற்பது. முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி எட்டுப் பத்து என்று வைத்தேன். யோசிப்பதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்த நேரம் கையைவிட்டுப் போனது போல இருந்தது. எனக்கு யோசிக்க நிறைய இருந்தது.

வெளியே என் தம்பி எலியா நின்றிருந்தான். ஒன்பது வருடமாகப் பினாங்கில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்குப் போதகர். நான் பாளையங்கோட்டையில் ஒரு வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் கற்பிக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. சபைக் கமிட்டிதான் என்னை அழைத்திருந்தது. கடிதத்தில் 'வேதபாட விளக்கம்' என்று போட்டிருந்தார்கள். நான் விளக்கம் தர வரவில்லை, சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். ஒரு மாதத்துக்கு முன் எலியா பத்துக் கட்டளைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். முதல் கட்டளைக்கு வந்தபோது, "கவனிச்சுப் பாருங்க. வேற தேவர்கள் இல்லைன்னு இது சொல்லல. உனக்கு வேண்டாம்னுதான் சொல்லுது" என்றான். அதற்குப் பிறகு, ஒரே கடவுள் என்ற இடத்துக்கு இஸ்ரவேலர் படிப்படியாகத்தான் வந்து சேர்ந்தார்கள் என்று அரை மணி நேரம் விளக்கியிருக்கிறான். ஆனால் யாரோ கைப்பேசியில் பிடித்தது முதல் நாற்பது விநாடியை மட்டும். அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. அதன் கீழே ஒருவர் மலாயில் 'துஹான்-துஹான்' என்று எழுதியிருந்தார். மலாயில் ஒரு சொல்லை இரட்டித்தால் பன்மை. கடவுள் என்ற சொல்லை இரண்டு முறை எழுதினால் கடவுள்கள். கடவுளுக்கு எந்தச் சொல்லை யார் பயன்படுத்தலாம் என்பதே நீதிமன்றம் வரை போகிற நாடு. கமிட்டி பயந்துவிட்டது.

எலியாவின் வேலை அனுமதியை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சபைச் செயலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் தேவை. செயலாளர் யோவேல் என்பவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை நான் வந்து இறங்கியபோது அனுமதி முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. எலியாவின் மகள் ரூத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

பதினோராவது மாடியில் வீடு. எலியாவின் மனைவி ஷீலா இட்லி வைத்திருந்தாள். சட்னியில் பாளையங்கோட்டை இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல், அதற்கப்பால் அக்கரையில் பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டைப் புகைபோக்கிகள். நான் குறிப்புகளை மேசையில் அடுக்கினேன். எலியா எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, எலோஹிம் மரியாதைப் பன்மைன்னு சொல்லி முடிச்சிரு. அதுக்கு மேல போகாத."

"அவங்க கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே."

"பதில் இல்லைதான். பொய்யும் இல்லையே."

அவன் சொன்னதில் தவறில்லை. எபிரெயத்தில் கடவுளைக் குறிக்க அதிகம் வரும் சொல் எலோஹிம். அதன் கடைசியில் உள்ள 'ஈம்' நம்முடைய 'கள்' போன்ற பன்மை விகுதி. ஆனால் அந்தச் சொல்லோடு வரும் வினை பெரும்பாலும் ஒருமை. வானத்தையும் பூமியையும் படைத்தது எலோஹிம் என்கிற முதல் வரியிலேயே வினை ஒருமைதான். வேறு மொழிக்காரர்களுக்கு இதை விளக்கப் பாதி வகுப்பு போகும். தமிழருக்கு ஒரு நிமிடம் போதும். 'ஐயா அவர்கள் வந்தார்கள்' என்றால் எத்தனை பேர் வந்தார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

அன்று பிற்பகல் முழுதும் அந்த ஒரு நிமிட விளக்கத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு வரி குறுக்கே வந்து நின்றது. மோசேயின் கடைசிப் பாட்டில், உன்னதமானவர் தேசங்களுக்கு எல்லை வகுத்தபோது இஸ்ரவேல் புத்திரரின் எண்ணிக்கைப்படி வகுத்தார் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய சுருளில் அந்த இடத்தில் 'தேவ புத்திரர்' என்று இருக்கிறது. ஆளுக்கொரு தேசம், தேசத்துக்கொரு தெய்வம். அந்தப் பங்கீட்டில் கர்த்தருக்கு வந்த பங்கு யாக்கோபு, அதாவது இஸ்ரவேல். என்றோ ஒருநாள் ஒரு நகலெடுப்பவர் இதைப் பார்த்துக் கலங்கி ஒரு சொல்லை மாற்றியிருக்க வேண்டும். என்னைப் போலச் சுத்தமாக எழுதுகிற ஆளாகத்தான் இருந்திருப்பார். அவர் மேல் எனக்கு எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. அன்று அந்த இளக்காரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை எலியா ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் குறிப்பை ஐந்தாவது முறை எழுதுவேன் என்று பயந்து வெளியே கிளம்பினேன். ஜார்ஜ் டவுனில் பழைய யூதக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. எபிரெய எழுத்து கல்லில் வெட்டப்பட்டு நான் பார்த்ததில்லை, அதைப் பார்த்துவிடலாம் என்று எண்ணம்.

பேருந்து நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். எங்கள் ஊரில் பேருந்து எங்கே போகிறது என்று நடத்துநர் தொண்டை கிழியக் கத்துவார். இங்கே நடத்துநரே இல்லை. நெற்றியில் ஓடும் எழுத்தைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். டிடாக் பெர்க்கிட்மாட் என்ற ஊருக்கு மூன்று பேருந்துகள் போயின. மூன்றிலும் ஆள் இல்லை, மூன்றும் நிற்கவில்லை. இவ்வளவு பேருந்து விடுகிறார்கள், ஆனால் யாரும் போவதில்லை, என்ன ஊரோ என்று நேரத்தோடு குறித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன். காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "அது ஊரு இல்ல அக்கா. சேவையில இல்லைன்னு அர்த்தம். பஸ்ஸு தூங்கப் போகுது லா." இந்த ஊர்ப் பேச்சு பாதி 'லா'வில்தான் முடிகிறது.

கல்லறைத் தோட்டத்தின் கதவு பூட்டியிருந்தது. சுவரை ஒட்டி நடந்து, ஒரு இடத்தில் கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். வெயிலில் வெளுத்த நீளமான கற்கள். அருகிலிருந்த ஒன்றில் 'இங்கே அடக்கம்' என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. மற்றவை பாசியில் மறைந்திருந்தன. கடவுளின் பெயரை யூதர்கள் வேதச் சுருளுக்கு வெளியே முழுதாக எழுதுவதும் இல்லை, எங்கேயும் உச்சரிப்பதும் இல்லை. வேதத்தில் அந்த நான்கெழுத்து வரும் இடத்தில் 'அதோனாய்', என் ஆண்டவர், என்று வாசித்துவிடுவார்கள். நம் தமிழில் அந்த இடத்தில் 'கர்த்தர்'. கணவன் பெயரைச் சொல்லாமல் 'அவங்க' என்று முடித்துக்கொள்கிற பெண்கள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. அந்த 'அவங்க'வும் பன்மைதான்.

கல்லிலிருந்து இறங்கும்போது செருப்பின் வார் அறுந்தது. எலியாவைக் கூப்பிட்டேன். மருத்துவமனையில் இருந்தான். "யோவேல் அண்ணன் அந்தப் பக்கம்தான் இருக்காரு, அனுப்புறேன்" என்று நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டான். பிறகுதான் உறைத்தது, யோவேல் என்றால் அந்த யோவேல்.

காரை இங்கே காடி என்கிறார்கள். பதினைந்து நிமிடத்தில் ஒரு பழைய வெள்ளைக் காடி வந்து நின்றது. யோவேலுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர். சட்டைப் பையில் இரண்டு பேனா. என் செருப்பைப் பார்த்து, டிக்கியைத் திறந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வைத்தார். "பெரிசா இருக்கும். பரவால்ல டீச்சர்." விரோதி என்று மனதில் எழுதி வைத்திருந்த ஆள் இப்படி வந்து நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஒரு நாசி கண்டார் கடைக்கு அழைத்துப் போனார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தின் கடை. சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். வெள்ளமாக ஊற்றினால் அதற்கு 'பஞ்சிர்' என்று பெயர். நான் குழம்புகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்டேன். கடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு யோவேலைப் பார்த்தார். "அண்ணே, இவங்க ஊர்லேர்ந்து வந்தவங்களா? குழம்பெல்லாம் தனித்தனியா வேணும்னா இட்லிக் கடைக்குல்ல கூட்டிட்டுப் போயிருக்கணும்." ஊற்றிவிட்டார். நன்றாக இருந்தது. எது எந்தக் குழம்பு என்று பிரித்துச் சொல்ல முடியாதது கொஞ்சம் தொந்தரவாக இருந்தது.

கேள்வி வருவதற்கு முன் நல்ல வார்த்தை ஒன்றைச் சொல்லிவைப்போம் என்று நினைத்தேன். அங்கேதான் தவறு செய்தேன். "உங்க பேரும் என் தம்பி பேரும் ஒண்ணுதான், தெரியுமா?" என்றேன். யோவேல் என்றால், யாவே என்பவரே ஏல். எலியா என்றால், என் ஏல் யாவே. ஒரே இரண்டு சொற்கள், இடம் மட்டும் மாறியிருக்கிறது. யாவே என்பது அந்த நான்கெழுத்துப் பெயர், ஏல் என்பது கடவுளைக் குறிக்கும் மிகப் பழைய சொல்.

முதலில் சிரித்தார். "முன்னாடி வச்சத பின்னாடி வச்சிருக்காங்க." தண்ணீர் குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அப்ப ஏல் வேற ஆளா இருந்தாரா டீச்சர்? ஒருத்தரே ஒருத்தர்னா, இவருதான் அவருன்னு யாரு பேரு வைப்பா?"

வருடத்துக்கு முப்பது மாணவர்களுக்கு இந்தப் பெயர்களைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. ஆமாம், கானானியர்களின் மூத்த தெய்வத்துக்கு ஏல் என்றே பெயர். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டிய தேவை ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அந்தத் தேவையைத்தான் இவர் பெயராகச் சுமந்துகொண்டிருந்தார். நான் நாளைக்குக் கூட்டத்தில் விளக்குகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். இலையை மடித்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இரவு பத்து மணிக்கு நான் தூங்கப் போனேன், ஆனால் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. ஷீலா துணி மடித்துக்கொண்டே ரூத்திடம் பெரிய பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சும்மா கேட்பது போலக் கேட்டாள். ரூத் கட்டிலுக்கு அடியில் என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

கூட்டம் மாலை ஐந்தரைக்கு. கடைவீடு ஒன்றின் மாடியில் சபைக் கூடம். கீழே சீனர் ஒருவரின் டயர்க் கடை, ரப்பர் வாசனை படியேறி வந்தது. கமிட்டியில் ஐந்து பேர். பொருளாளர் மோனிக்கா அக்கா ஒரு டப்பா நிறையக் கறிபஃப் கொண்டு வந்திருந்தார். முதலில் சாப்பிட வைத்தார்கள். பயந்திருப்பவர்களும் பயமுறுத்துகிறவர்களும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றோம்.

ஜெபத்துக்குப் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்ததைச் சொன்னேன். எலோஹிம், 'ஈம்', 'கள்', ஐயா அவர்கள் வந்தார்கள். தலைகள் ஆடின. மோனிக்கா அக்கா கையைத் தூக்கினார். "மாமியார் வந்தா 'வந்துட்டாங்க'ங்கிறோமே, அதுவும் மரியாதைப் பன்மையா டீச்சர்? எங்க வீட்ல அது பயப் பன்மை லா." கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். எலியா முதுகை நாற்காலியில் சாய்த்தான். ஒருவர் கோப்பைக் கட்டத் தொடங்கிவிட்டார். முடிந்தது, பிழைத்தோம் என்று நினைத்தேன். மணி ஆறு ஐந்து.

யோவேல் கை தூக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்.

"தேவன் ஒருத்தருதான், சரி. மரியாதை, சரி. முதல் கட்டளையில வேறே தேவர்கள்னு இருக்கே. எபிரெயத்துல அங்க என்ன வார்த்தை?"

"அதே வார்த்தைதான்."

"அவங்களுக்கும் மரியாதையா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் குறிப்பைப் புரட்டினேன். அதில் இதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தேன்.

"நான் பாஸ்டர விரட்டணும்னு நிக்கல டீச்சர்," என்றார். குரல் உயரவில்லை. "போன வருசம் எங்கம்மா செத்துப்போச்சு. நான் கடைக்குட்டி. அம்மாவுக்குக் கடைக்குட்டிதான் கொள்ளி வைக்கணும். நான் கேட்டுக்கு வெளியில நின்னேன். அண்ணன் வந்து கையப் புடிச்சு இழுத்தாரு. வேற சாமி கிடையாது, இல்லாததுக்கு முன்னால நான் நிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். முப்பது வருசத்துக்கு முன்ன ஞானஸ்நானம் எடுத்தப்ப எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். அண்ணன்தான் வச்சாரு. இப்ப பாஸ்டர் இல்லைன்னு சொல்லல, வேண்டாம்னுதான் சொல்லுதுங்கிறாரு. இல்லைக்கும் வேண்டாமுக்கும் நடுவுல எங்கம்மா கெடக்குது டீச்சர்."

எலியா தரையைப் பார்த்தான். அவனுக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்பது வருடப் போதகர். நானாவது இரண்டு நாள் விருந்தாளி.

கையெழுத்து இல்லாத கடிதம் எலியாவின் கோப்பில் என் காலடியில் இருந்தது. மரியாதைப் பன்மையை இன்னும் இரண்டு உதாரணத்தோடு நீட்டி முழக்கியிருக்கலாம். அந்த நகலெடுப்பவர் சொல்லை மாற்றியபோது அவர் எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மரியாதை இல்லை, அது வெறும் பன்மை என்று சொன்னேன். அந்தக் காலத்து இஸ்ரவேலர் மற்ற தேசத்துத் தெய்வங்கள் இருப்பதாகத்தான் நினைத்தார்கள், எங்களுக்கு அவை வேண்டாம் என்றார்கள். ஒரு சங்கீதத்தில் தேவர்களின் நடுவிலே நின்று தேவன் நியாயம் விசாரிக்கிறார். வேண்டாம் என்பதிலிருந்து இல்லவே இல்லை என்பதற்கு வந்து சேர அவர்களுக்குப் பல நூறு வருடம் ஆனது. நாடு போய், ஆலயம் போய், பாபிலோனில் சிறையிருந்த பிறகுதான் ஒரு தீர்க்கதரிசி அதை அவ்வளவு தெளிவாகச் சொல்கிறார். கடைசியில் வந்து சேர்ந்த இடத்தைத்தான் நானும் நம்புகிறேன் என்றேன். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"அவங்களுக்கு அத்தனை நூறு வருசம் ஆச்சு. உங்ககிட்ட அதையே ஞானஸ்நானம் குடுத்த ஒரே ஞாயித்துக்கிழமையில கேட்டாங்க."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அன்னைக்கு நான் உள்ள போயிருக்கலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் அதற்கு முந்தைய வாக்கியத்தைச் சொன்னேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. ஆம் என்றால் ஒரு வருடமாக அவர் சுமந்த பாரம் வீண். இல்லை என்றால் நான் பொய் சொல்கிறேன். நாகமானின் கதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஞாயிறு பள்ளியில் பத்து வருடம் நடத்தியதாகச் சொன்னார். சீரியப் படைத்தலைவன், குஷ்டரோகி, யோர்தானில் ஏழு முழுக்கு. "ஏழாவது முழுக்கோட பெல் அடிச்சிரும்" என்றார்.

அதற்குப் பிறகு உள்ளதைச் சொன்னேன். சுகமான நாகமான் இனிமேல் கர்த்தரைத் தவிர யாரையும் தொழ மாட்டேன் என்கிறான். ஆனால் தன்னைச் சுகமாக்கிய தீர்க்கதரிசியிடம் ஒரு விஷயத்தில் மன்னிப்புக் கேட்டு வைக்கிறான். என் ராஜா அவருடைய தெய்வத்தின் கோவிலுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு குனிவார், அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும். தீர்க்கதரிசி அவனைத் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. சமாதானத்தோடு போ என்கிறார்.

"போயிருக்கலாம்" என்றேன்.

யோவேல் தன் வேதாகமத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடினார். கண்டுபிடித்து விரலை வைத்து வாசித்தார். நாங்கள் காத்திருந்தோம். வாசித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை. மோனிக்கா அக்கா தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார். ஆறு இருபத்தைந்துக்கு எழுந்தார். கூட்டத்தை முடித்துவிடலாம் என்றார். கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் எலியாவிடம், "நாளைக்குக் காலையில காடி எடுத்துட்டு வாங்க பாஸ்டர். புக்கிட் மெர்தாஜாம் போகணும். அம்மாவுக்குத் தலைத்திவசம். டீச்சரும் வரட்டும்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் எலியா விரலால் ஸ்டியரிங்கைத் தட்டினான். கடைசியில், "நீ சொன்னது சரிதான் அக்கா" என்றான். சற்றுப் பொறுத்து, "இன்னும் பதினேழு நாள்" என்றான்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தில் இருந்தோம். அன்று மாலை எனக்கு விமானம். யோவேல் முன் இருக்கையில், வெள்ளைச் சட்டையில். அவர் மனைவி வரவில்லை, தலைவலியாம். பின் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் கோப்பு. யாரும் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டோம். பாலத்தின் நடுவில் அவர் சொன்னார், வீட்டில் அவரை முருகேசு என்று கூப்பிடுவார்கள், நாங்கள் குழம்பிவிடக் கூடாது என்று. அம்மா கடைசிவரை யோவேல் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "வாயில நுழையலன்னு சொல்லும். நுழையாம இல்ல."

புக்கிட் மெர்தாஜாம் பசாரில் நிறுத்தச் சொன்னார். பூக்கடை முன்னால் போய் நின்றார். மல்லிகைச் சரம், சாமந்தி மாலை. கையை நீட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். பூக்காரம்மா பொறுமை இழந்து, "யாருக்கு அண்ணே? கல்யாணமா, கருமாதியா?" என்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாலை வாங்கலாமா என்று கேட்கிறார் என்று புரிந்தது. எந்தச் சுருளிலும் இதற்குப் பதில் இல்லை. தெரியவில்லை என்று கையை விரித்தேன். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு டின் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்து ஏறினார். அம்மா அதைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்னுமாம்.

வரிசை வீடு. வாசலில் தகரப் பந்தல், வெளியே இருபது ஜோடிச் செருப்பு. சாம்பிராணி வாசனை தெருவரை வந்தது. யோவேல் கேட்டுக்கு வெளியே நின்றார். நாங்கள் காடிக்குள்ளேயே இருந்தோம். ஒரு மனிதரை அவர் முப்பது வருடமாக மூடி வைத்த கதவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பக்கமிருந்து அதைத் திறப்பார்களா என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நெற்றி நிறையத் திருநீறோடு வெளியே வந்தார். முழங்கால் வலிக்காரர் போல ஒரு பக்கம் சாய்ந்த நடை. அண்ணன் என்று முக ஜாடையிலேயே தெரிந்தது. கேட்டருகே வந்து தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"பத்தரைக்குன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப மணி பதினொண்ணு லா. செருப்பக் கழட்டு."

யோவேல் கழற்றினார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

உள்ளே அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. படத்தின் முன்னால் நின்றாரா, சுவரோரம் நின்றாரா, குனிந்தாரா என்று நான் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. மணியோசை கேட்டது, நின்றது. எலியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். நான் உள்ளே போகக் கூடாது அக்கா, யாராவது ஒரு போட்டோ எடுத்தால் அதோடு முடிந்தது என்றான். சொன்னது உண்மை. நாற்பது விநாடிக்கே இந்தப் பாடு.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒரு அம்மாள் தட்டில் இரண்டு டம்ளரோடு காடிக்கு வந்தார். யோவேலின் அண்ணி. "படையல் சோறு நீங்கல்லாம் சாப்பிடுவீங்களோ மாட்டீங்களோ, தெரியல. அதான் வெறும் கோப்பியா கொண்டாந்தேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதிக்காரரிடம் கேட்பது போலத்தான் சொன்னார். கொழுந்தன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே போன வருடங்கள் அவருக்கு இதைப் பழக்கியிருக்க வேண்டும். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். பிறகு இறங்கினேன். எலியா ஒரு நிமிடம் கழித்து இறங்கினான்.

கூடத்தில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. யோவேல் அண்ணனுக்குப் பக்கத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "பாஸ்டர், அந்த லெட்டர் இருக்கா?" என்றார், ஏதோ உப்பு கேட்பது போல. எலியா ஓடாமல் நடந்து போய்க் கோப்பை எடுத்து வந்தான். யோவேல் கையை இலையோரத்தில் வழித்து, கைக்குட்டையில் துடைத்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, தொடையில் கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் பதிந்தது. வேறு பிரதி எடுத்து வரட்டுமா என்று எலியா கேட்டான். வேண்டாம் என்றார்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன சூராட் அது?"

"பாஸ்டருக்கு பெர்மிட்டுக்கு லெட்டர்."

"எத்தன வருசத்துக்கு?"

"ஒண்ணு."

"போடறதே போடற, ரெண்டாப் போட்டுக் குடேன் முருகேசு."

பந்தியில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எலியாவும் சிரித்தான். அந்த நான்கு நாளில் அவன் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

அண்ணி எங்களுக்கும் இலை போட்டார். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை. படையலில் வைத்ததா, அடுப்பிலிருந்து நேராக எடுத்ததா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஐம்பத்து மூன்று வருடமாகக் கேட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறேன். எலியா தன் இலையைத் தொடாமல் என்னைப் பார்த்தான். யோவேல் எங்களைப் பார்க்கவில்லை. அவர் இலையில் பாதி முடிந்திருந்தது.

நான் கேட்கவில்லை. வடையைப் பிட்டு வாயில் போட்டேன். உப்பு ஒரு கல் கூடுதலாக இருந்தது. படையலுக்குச் சமைக்கிறவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். அண்ணி தட்டோடு மறுபடி வந்தபோது இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.